கேக் விசாரணை

ரொட்டி பாக்கெட்டில் நேற்று மதியம் பதினோரு துண்டு இருந்தது. இன்று காலையில் ஏழு. கேமராக்காரர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நாலு துண்டு எங்க போச்சு?"

"ரொட்டிக்கு நான் என்ன காவலா இருக்கேன்? பாப்பா தின்னிருப்பா."

"அவதான் பசிக்கலைன்னு மேஜைப் பக்கமே வரலையே."

"அப்பப் பசிக்கல, அப்புறம் பசிச்சிருக்கும். ஊரடங்கு வந்ததிலேர்ந்து இந்த வயசுப் புள்ளைங்க எல்லாம் இப்படித்தாங்க."

கேமராக்காரர் என்பது தெருவே வைத்த பட்டப்பெயர். பெரிய துணிக்கடையில் பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் எதை எடுத்துப் பைக்குள் செருகுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. பதினெட்டு வருடம் அதையே பார்த்ததில், சொந்த மாமியார் வந்தாலும் கண் முதலில் பைக்குத்தான் போகும். ஊரடங்கில் கடையை மூடிவிட்டார்கள். அவர் கண்ணை மூட ஆளில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் இப்போது சந்தேக நபர். முன்பெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். இப்போது காலைச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. மதியச் சாப்பாடு சாயங்காலம், அதுவும் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. லேப்டாப்பில் எவனோ நூடுல்ஸ் உறிஞ்சுவதைப் பார்த்தால்தான் இவளுக்கு நூடுல்ஸ் இறங்குகிறது. மகள் தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறாள் என்று நினைக்கும்போதே அவருக்கு நெஞ்சு வலித்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத மனிதர், அதனால் விசாரணையில் இறங்கினார்.

முதலில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். யார், எப்போது, என்ன எடுத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மகள் எழுதியிருந்தாள்: 'தண்ணீர், ஒரு டம்ளர், 11.40. பாதிதான் குடித்தேன். மீதியைத் திருப்பி வைத்துவிட்டேன்.'

"கொழுப்பைப் பாத்தியா?" என்று தாளை மனைவியிடம் காட்டினார்.

"எழுதச் சொன்னீங்க, எழுதியிருக்கா."

அடுத்து, சாப்பாட்டு மேஜைக்குப் போன் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். போனும் வரவில்லை, மகளும் வரவில்லை. மனைவிகூட அடுப்படியில் நின்றுகொண்டே போனில் தொடர் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆறு பேர் உட்காரும் மேஜையில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இனிச் சும்மா இருந்தால் சரிப்படாது என்று முடிவு செய்தார். குடியிருப்பின் கேட்டுக்கும் மாடிப்படிக்கும் வாங்கிய கேமராக்களில் ஒன்று மிஞ்சி அவர் பொறுப்பில் இருந்தது. அதைச் சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே சொருகினார். பார்த்துத்தான் பழக்கமே தவிர, மாட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டுக்கான அதே ஆப்பில், அதே கடவுச்சொல்லைப் போட்டதும் பத்தே நிமிடத்தில் படம் வந்துவிட்டது. நாலு கட்டங்களுக்குக் கீழே ஐந்தாவதாகத் தன் வீட்டு அடுப்பைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பியது.

மூன்று நாள் ஒன்றும் சிக்கவில்லை. மகள் வந்தாள், தண்ணீர் எடுத்தாள், போனாள். உஷாராகிவிட்டாள் என்று கேமராக்காரர் ஊகித்தார்.

"நல்லா ஒரு சாக்லேட் கேக் செஞ்சு வை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிடு," என்றார் மனைவியிடம்.

"ஏன், யாருக்காவது பொறந்தநாளா?"

"செய்யேன், சொல்றேன்."

கேக் வந்து மூடிக்குள் உட்கார்ந்தது. பொறி வைத்தவன் அதைப் போய்ப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? காலையில் ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை, மனைவி மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது ஒரு தடவை என்று சமையலறைக்குள் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தார். வந்ததும், தான் நடமாடிய காட்சிகளை மட்டும் கவனமாக அழித்தார். விசாரணைக்கு அவை தேவையில்லை.

சனிக்கிழமை மூடியைத் திறந்தால் தட்டில் துகள்தான் மிச்சம்.

"கேக் எங்க?" என்று மகளை மேஜைக்கு அழைத்துக் கேட்டார்.

"எனக்கெப்படிப்பா தெரியும்?"

"மறைக்காத. கேமராவுல பாத்துட்டேன்."

"சமையக்கட்டுல கேமராவா?" என்று மனைவி பதறினாள். "அய்யோ, நான் உங்களைத் திட்டினதெல்லாம் அதுல வந்திருக்குமா?"

"நான் எடுத்திருந்தா காட்டுங்க," என்றாள் மகள்.

"அது... அந்த இடம் மட்டும் அழிஞ்சுபோச்சு."

மகளின் கண் நிறைந்துவிட்டது. "நான் ஏன் மேஜைக்கு வர்றதில்லன்னு தெரியுமாப்பா? எத்தனை வாய் சாப்பிடறேன்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க. சொந்த வீட்டுல திருடித் தின்ற மாதிரி இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. அந்த நிமிடமே மகளின் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் பதினெட்டு வருட அனுபவம் குறுக்கே வந்து நின்றது. "பேச்சை மாத்தாத. தின்னியா, இல்லையா?"

"சரி, நான்தான் தின்னேன். போதுமா?"

பதினெட்டு வருடத்தில் இவ்வளவு சுலபமாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஏனோ அவரால் நிமிர்ந்து மகளைப் பார்க்க முடியவில்லை. அப்போது அழைப்பு மணி அடித்தது.

கீழ் வீட்டு அம்மா முகக்கவசத்தோடு இரண்டு படி தள்ளி நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். கேட் கேமரா எல்லா வீட்டுப் போன்லயும் வருதில்ல? ஒரு வாரமா அதுல அஞ்சாவதா உங்க சமையக்கட்டும் வருது."

கேமராக்காரர் கதவை மெல்லச் சாத்தப் பார்த்தார். மனைவியும் மகளும் பின்னால் வந்து நின்றார்கள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஆனா எங்க பொண்ணு எதையாவது பாத்துக்கிட்டே இருந்தாத்தான் ஒரு வாய் சாப்பிடுவா. இப்ப இதைப் பாத்துத்தான் தட்டைக் காலி பண்றா. அவதான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா."

"என்ன கேக்கணுமாம் ஆன்ட்டி?" என்றாள் மகள்.

"கேக்குதான் தீந்துபோச்சே, அங்கிள் நாளையிலேர்ந்து எதை ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னப் போறார்னு."