நான் ஏறினால் நிற்கும் வேன்

நடந்தது இதுதான்:

1. பெரியப்பா கோவில்பட்டியிலிருந்து ஒரு பழைய வேன் வாங்கினார்.
2. வாங்கலாம் என்று பார்த்துச் சொன்னது நான்.
3. வேன் நன்றாக ஓடியது.
4. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. வேன் நின்றது.
5. எல்லோருமாகச் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். காரணம் நான்.

முதல் நான்கையும் தென்காசியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தாவதை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரே ஜவுளிக்கடை, ஒரே அடுப்பு, ஒரே முடிவு. முடிவு பெரியப்பாவுடையது. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள், அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்கிவிடுவார்கள். அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், குளிக்கவைத்து, அந்தப் பசியோடு திரும்பக் கூட்டிவந்து, சோறு போட்டு அனுப்ப வேண்டும். (சொந்தமே இல்லாதவர்களும் அந்த இரண்டு மாதத்துக்குச் சொந்தமாகிவிடுவார்கள்.)

அந்த வருஷம் என் அண்ணன் சங்கரனுக்குப் புளியங்குடியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா எலுமிச்சம்பழக் கமிஷன் மண்டிக்காரர். புதுச் சம்பந்தியைக் குதிரை வண்டியில் குலுக்கி எடுத்துக்கொண்டு அருவிக்குப் போவது மரியாதையாக இருக்காது என்று பெரியப்பா நினைத்தார். வேன் என்ற பேச்சு அப்படித்தான் எழுந்தது.

நான் அப்போது மதுரையில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பம்ப் செட் செய்யும் ஒரு கம்பெனியில் படம் வரையும் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. ஆவணியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அப்பா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, கோமதி வேல விசயம்..."

"மதுரையில ஒத்தப் பொட்டப்புள்ளய யாரு பாத்துக்கிடுவா?" என்றார் பெரியப்பா.

"ஆஸ்டல் இருக்காம்."

பெரியப்பா ரசத்தை விட்டுப் பிசைந்துகொண்டே யோசித்தார். "கோவில்பட்டியில ஒரு வேன் வெலைக்கு வருது. மூணு வருசமா என்னத்தப் படிச்சான்னு பாத்துருவோம். இவ பாத்துச் சொல்லட்டும். சொன்னது சரியா இருந்தா மதுரைக்குப் போவட்டும். தப்பா இருந்தா வீட்ல கெடக்கட்டும். என்னட்டி?"

"சரி பெரியப்பா" என்றேன். பரீட்சை என்றால் எனக்கு எப்போதுமே பிடிக்கும். வினாத்தாளைத் தயாரித்தவரே விடையையும் திருத்துவார் என்பது அப்போது உறைக்கவில்லை.

கோவில்பட்டிக்கு நான் போன கோலத்தை இப்போது நினைத்தால் எனக்கே அடிக்கத் தோன்றுகிறது. டார்ச் லைட், அளவுத் தகடுகள், எண்ணெய்க் கசிவைத் துடைத்துப் பார்க்க வெள்ளைக் கைக்குட்டை. சித்திரை வெயில். வேனின் சொந்தக்காரர் கடலை எண்ணெய் ஆலை வைத்திருந்தார். ஆலை முற்றத்தில் செய்தித்தாளை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். வண்டிக்கு அடியிலிருந்தபடியே, "பிஸ்டன் வளையங்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன?" என்று பாடப்புத்தகத் தமிழில் ஒரு கேள்வி வேறு கேட்டேன்.

ஆலைக்காரர் பெரியப்பா பக்கம் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, மாடு பிடிக்க வந்தது மாதிரி பல்லையெல்லாம் எண்ணுதாக?"

"எங்க வீட்டு எஞ்சினியரு" என்றார் பெரியப்பா. கேலியா பெருமையா என்று அடியில் கிடந்த எனக்குத் தெரியவில்லை.

"நல்லாப் பாக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இத்தன வருசமா வச்சிருக்கேன். வழியில ஒருநாளு நின்னது கெடையாது. எம் புள்ளைக மேல சத்தியமாச் சொல்லுதேன்."

பிரேக், கிளச், ஸ்டியரிங், ரேடியேட்டர், சக்கர அச்சு எல்லாம் பார்த்தேன். எஞ்சினைச் சூடேற்றிப் பார்த்தேன், ஆறவைத்துப் பார்த்தேன். சங்கரன் அண்ணனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்டேன். வானத்தைத் தவிர நான் பார்க்காதது எதுவும் இல்லை.

"தாராளமா வாங்கலாம் பெரியப்பா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வண்டி நின்னா என்னய ஏன்னு கேளுங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

கேட்டார்கள்.

சித்திரையும் வைகாசியும் வேன் ஓடிய ஓட்டத்துக்கு, பெரியப்பா கடையில் துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பேசினார். "எங்க கோமதி காத வச்சுக் கேட்டாப் போதும், எஞ்சினுக்கு உள்ள என்ன நடக்குன்னு சொல்லிப்புடுவா." நானும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு, மதுரைக்குப் போக ஒரு தகரப் பெட்டி வாங்கிப் பெயர் எழுதி வைத்தேன்.

ஆனியில் சாரல் விழுந்தது. புளியங்குடிச் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். எல்லோருமாக வேனில் குற்றாலத்துக்குப் போனோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. சம்பந்தி இருக்கையைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் நான் ஆண்ட காலம் என்றால் அந்த இரண்டு மாதமும் அந்த ஒரு தலையாட்டலும்தான்.

குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையும் கொலைப்பசியுமாக எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு வேன் கிளம்பவில்லை. சங்கரன் அண்ணன் முடுக்க முடுக்க முனகியது. பிறகு முனகலும் நின்றுவிட்டது. "எறங்கித் தள்ளுவோம்" என்று யாரோ சொல்ல, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பந்தியும் தள்ளினார். வேன் நகர்ந்ததே தவிர உயிர் வரவில்லை.

"கோமதி, எறங்கிப் பாருட்டி" என்றார் பெரியப்பா.

பானட்டைத் திறந்தேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி மாட்டினேன். "கொஞ்சம் பொறுங்க" என்று எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் குனிந்து பார்த்து, மிகுந்த அக்கறையோடு, "பெட்ரோலு இருக்கா தாயி?" என்று கேட்டார்.

கடைசியில் குதிரை வண்டிகளில்தான் வீடு திரும்பினோம். எங்கள் வண்டிக்காரர் வழி முழுக்கப் பேசாமல் வந்துவிட்டு, வீட்டு வாசலில் மட்டும் கேட்டார்: "அண்ணாச்சி புதுசா வேன் வாங்கிருக்கீகளாம்லா?"

மறுநாள் காலையில் நல்ல வெயில். சங்கரன் அண்ணன் பேட்டரியை மட்டும் மாற்றினான். முதல் முடுக்கிலேயே வேன் கிளம்பிவிட்டது. அன்று சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு இலத்தூருக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். வழியில் நிற்கவில்லை. நான் போகவில்லை, பிளக்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

அடுத்த நாள் பண்பொழிக்கு, திருமலைக் குமாரசாமி கோயிலுக்குப் போனோம். நானும் போனேன். மலை ஏறும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. சாமி கும்பிட்டு இறங்கி வந்தால் வேன் கிளம்ப மறுத்தது.

அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது சம்பந்தியம்மா அம்மாவிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

"தப்பா நெனைக்கப்படாது மதினி. அன்னைக்குக் குத்தாலத்துக்குக் கோமதி வந்தா, வண்டி நின்னுட்டு. நேத்து வரல, வண்டி பூ மாதிரி ஓடுச்சு. இன்னைக்கு வந்திருக்கா. பாத்துக்கிடுங்க."

அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். நான் பேசினேன்.

"நேத்து வெயில் அடிச்சுது அத்தை."

"வெயிலுக்கும் வண்டிக்கும் என்னம்மா சம்பந்தம்? வண்டி பெட்ரோல்லல்லா ஓடுது?"

பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது. சோதித்தே பார்த்துவிடுவோம் என்றார். அடுத்து வந்த வெயில் நாளில் என்னை வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வேனில் வந்து இறங்கினார்கள். ஒரு சோதனையில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதையெல்லாம் அப்படியே வைக்க வேண்டும் என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். பெரியப்பா பாலிடெக்னிக் போகாமலே அதைச் செய்தார். மாற்றிய பொருள் நான். கூடவே மழையும் மாறியது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அன்று மாலையே நான் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. அதன் மூடியில் தலைமுடி போல ஒரு கீறல். காய்ந்திருந்தால் தொல்லையில்லை. நாம் குளித்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் ஆறும். சாரலின் ஈரம் மூடிக்குள் போய்ப் படியும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் கீறல் வழியே நழுவிவிடும். கோவில்பட்டிக்காரர் பொய் சொல்லவில்லை. அங்கே மழை பெய்தால் கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்துவிடும் என்று யாரும் வண்டியை வெளியிலேயே எடுக்கமாட்டார்கள். ஆயுசு முழுக்க மழையே பார்க்காத வேனை, மழையில் குளிக்கப் போவதற்காக நாங்கள் வாங்கியிருந்தோம்.

"இந்த மூடி தென்காசியில கிடைக்காது. மதுரையிலிருந்து வரவழைக்கணும் பெரியப்பா."

"ஓடுத வண்டிக்கு எதுக்குட்டி சாமான்?"

அப்படியானால் நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன். இது என்னுடைய இரண்டாவது வாய்க்கொழுப்பு.

மறுநாள் நடுப்பகலில், வாசலில், சம்பந்தி குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தேன். ஒரு செம்புத் தண்ணீரை டிஸ்ட்ரிபியூட்டர் மேல் ஊற்றினேன். வேன் ஓடியது. இன்னொரு செம்பு. சூட்டில் ஆவி பறந்தது, வேன் ஓடியது. ஒரு குடத்தையே கவிழ்த்தேன். ஓடியது.

"கெணத்துல எறக்கிருவோமாட்டி?" என்றான் சங்கரன் அண்ணன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "வண்டி தங்கம்லா" என்றார்.

"அவ உள்ள ஏறலல்லா, அதான் ஓடுது" என்றாள் சம்பந்தியம்மா.

நான் அதிகம் கோபப்படுகிறவள் அல்ல. அன்று கோபப்பட்டேன். குடத்தைக் கீழே வைத்தேன். வேனின் பின்கதவைத் திறந்தேன். "ஏறுதேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி ஏறி, உட்கார்ந்து, கதவை அடைத்தேன்.

வேன் இருமியது. குலுங்கியது. நின்றது.

ஊற்றிய தண்ணீர் கீறல் வழியாக உள்ளே கசிய அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. நான் சொன்னது முழுதாக நிரூபணமாகிவிட்டது. அவர்கள் சொன்னதும்.

சம்பந்தி ஓரடி பின்வாங்கி, "புள்ளையச் சும்மா எறங்கச் சொல்லுங்க" என்றார். இறங்கினேன். (இறங்கியதும் கிளம்பியது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது பொய். வெயிலில் காயவைத்த பிறகுதான் கிளம்பியது.)

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் பெரியப்பா முடிவைச் சொன்னார். "கோமதி ஆவணியில மதுரைக்குப் போவட்டும்."

அப்பாவுக்கே புரியவில்லை. "அண்ணே, தப்பா இருந்தா வீட்ல கெடக்கட்டும்னு சொன்னீகளே?"

"என்னடே தப்பு? வண்டியில ஒரு கொறையும் இல்ல. கொடம் கொடமாத் தண்ணி ஊத்தியும் நிக்கல. இவ பாத்துச் சொன்னது நூத்துக்கு நூறு சரி." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "வீட்ல இருந்தா நல்லது பொல்லதுக்கு வேன்ல ஏறாம இருக்க முடியுமாட்டி? நீயே சொல்லு."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. எந்தக் காரணத்துக்காகக் கிடைக்கக் கூடாதோ அந்தக் காரணத்துக்காகக் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ரோஷம் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்டினேன்.

நான் மதுரைக்குப் போன பிறகும் ஐப்பசி மழையில் வேன் இரண்டொரு தடவை நின்றது. அப்போதாவது உண்மை தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் கடிதம் வந்தது: "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வேன் நின்றுவிட்டது. அந்நேரம் நீ எங்களை நினைத்திருப்பாய் என்று பெரியப்பா சொன்னார்கள்." அம்மா அதைக் குற்றமாக எழுதவில்லை. நான் நினைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

மதுரையில் அந்த மூடி கிடைத்தது. வாங்கி அனுப்பினேன். சங்கரன் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அதை மாட்டினான். அதற்கப்புறம் வேன் எந்த மழையிலும் நின்றதில்லை. நான் தூரத்தில் இருந்து பழகிவிட்டேன், முன்னைப் போல நினைப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துகொண்டார்கள். இப்போது ரேடியோ கரகரத்தாலும், கரண்ட் போனாலும், அடுப்பு புகைந்தாலும் எங்கள் வீட்டில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கோமதி நெனச்சிருப்பா." சங்கரன் அண்ணனின் மகனுக்கு இன்னும் முழுதாகப் பேச்சு வரவில்லை, அவனும் இதைச் சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். மூடியைப் பற்றி அண்ணன் இதுவரை வாய் திறக்கவில்லை.

இன்றைய நிலவரம்: நான் மதுரையில் அதே கம்பெனியில் இருக்கிறேன். வேன் நன்றாக ஓடுகிறது. நான் ஊருக்குப் போகும்போது அதை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறார்கள். என் பெட்டி வேனில் போகிறது. நான் நடந்து போகிறேன்.