ராடு நைனாவின் ரகசிய அறை

திருநின்றவூர் முதல் ஆரம்பாக்கம் வரை எந்தப் பழைய வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்காமல் நகராத ஒரே மனிதர் ராடு நைனாதான். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வெல்டர். தச்சர்கள் காதில் பென்சில் செருகுவது போல இவர் பாதி வெல்டிங் ராடைச் செருகியிருப்பார். சுவர் தட்ட அதுதான் ஆயுதம்.

ஆள் மர்ம நாவல் பைத்தியம். "பெரிய ஊடுன்னா உள்ள ஒரு ரகசிய ரூமு இருந்தே ஆவணும். இல்லாங்காட்டி கட்னவன் நாவலே படிக்காத ஆளு" என்பார். திருவள்ளூரில் நண்பனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் தட்டினார். சம்பந்தமும் தட்டிப்போனது.

ஆரம்பாக்கத்தில், ஷிஃப்ட் ஆட்கள் நாங்கள் கூட்டமாகக் குடியிருந்த பழைய அரிசி மண்டிக்காரர் வீட்டில்தான் அவர் நம்பிக்கை பலித்தது. சுவர் அலமாரியின் பின்பலகையைத் தட்டினார், பெயர்ந்து விழுந்தது. பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு குட்டி அறை! உடனே ஒரு இரும்புக் கம்பிக் கதவு செய்து மாட்டி, உள்ளே உட்கார்ந்து சொந்தமாக ஒரு மர்ம நாவல் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா நைனா, இந்தப் புழுக்கத்துல உள்ள இன்னா பண்றே?" என்றேன்.

"பெரிய எழுத்தாளனுங்க ஊட்டயெல்லாம் ஜனம் போய்ப் பாக்குதுல்ல? நாளைக்கு இங்கயும் வரும். மாத்தி மாத்தி கொறட்ட உட்டுக்கினு கெடக்குற உங்க நடுவுல எவன் எழுதுவான்?"

சேதி வீட்டு ஓனர் காதுக்குப் போனது. அந்தச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்தால் இன்னும் நாலு பேரைக் குடிவைக்கலாமே! கடப்பாரை ஆட்களோடு வந்து நின்றார். நைனா வெல்டிங் செட்டோடு உள்ளே போய், கதவைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டு அடித்துவிட்டார்.

"இட்ச்சிக்கோ! செவுரு என் மேலதான் உழும். கேஸு உன் மேல!"

ஓனர் சிரித்தார். "அதெல்லாம் சர்தான் நைனா. பாத்ரூம் வெளிய கீதே?"

நைனா அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதைப் பற்றி எந்த நாவலிலும் எழுதியிருக்க மாட்டார்கள் போலும்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? கம்பிக்குப் பின்னால் நின்று தன் நாவலை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். ஓனர் நாற்காலி கேட்டார். நேரமாக ஆக நைனா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கதையின் வேகமும் கூடியது, கொலைகள் சடசடவென்று விழுந்தன. கொலைகாரன் யாரென்று தெரியப்போகும் இடத்தில் நிறுத்திவிட்டார்.

"அப்பால?" ஓனர் எழுந்தேவிட்டார்.

"செவுத்து மேல கை வெக்க மாட்டேன்னு சொல்லு. சொல்றேன்."

"யோவ், பேஜாரு பண்ணாத! சரி, வெக்கல. யாருய்யா அது?"

"ஊட்டு ஓனரு."

ஓனர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். கிரைண்டர் போட்டுக் கதவை அறுத்ததும் நைனா எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா அறுத்தீங்க? அந்தாளு பேச்சு மாறுனா இன்னா பண்றது?" திட்டிக்கொண்டே மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஓனர் பேச்சு மாறவில்லை. அதன் பிறகு நைனா எழுதும் நேரத்தில் நாங்கள் ஹாலில் டி.வி. போட்டதில்லை. புதிதாக வந்த எவனாவது போட்டால் நானே எழுந்து அணைத்துவிடுவேன். உள்ளே எங்கள் நைனா எழுதிக்கொண்டிருப்பார்.