கழுத்துப் பட்டை போட்ட தலைவர்

டொக், டொக், டொக். வாசலில் காலிக் குடங்கள் ஒன்றையொன்று இடிக்கிற சத்தம். எத்தனை குடம் என்று பார்க்கக் கண்ணைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. அப்போதுதான் மூடியிருந்தேன்.

"தலைவர் இருக்காகளா?" மருதம்மாளின் குரல். தெற்கத்திப் பெண். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகளில் குடியிருக்கிறாள்.

"இருக்காருங்க. தூங்குறாரு." இது என் மனைவி மயிலாள்.

"எப்பத்தான் முழிச்சிருப்பாக?"

"ராத்திரிக்கு. கம்பெனில, மிஷின் முன்னால. அங்க வந்து பாக்கறீங்களா?"

குடங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தன.

அந்தத் தலைவர் நான்தான். பெயர் சென்னிமலை. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். வேலம்பாளையத்தில் பஸ் ஏறினால், கண்டக்டரே நிறுத்த மறந்துபோகிற பேரூராட்சி. இரண்டாயிரத்து ஆறில் வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டு கட்சிக்கும் சரிபாதி ஆள். இவர் உட்காருவதை அவரால் பார்க்க முடியாது. அவர் உட்காருவதை இவரால் பார்க்க முடியாது. மிச்சமிருந்த ஒரே சுயேச்சை நான். "எந்தப் பக்கமும் சாயாதவர்" என்று சொல்லி மாலை போட்டார்கள். எந்தப் பக்கம் சாய வேண்டுமென்று மயிலாள் அதுவரை சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

தலைவருக்குக் கொடுக்கிற படியில் மாலை வாங்கலாம், அரிசி வாங்க முடியாது. ஆகவே ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியில் பழைய வேலைதான். மிஷின் முன்னால் நான் கண் அசந்ததே கிடையாது. அசந்தால் ஊசி உடைந்து துணி நெடுகக் கோடு விழும். முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். ஊரில் கோடு விழுந்தால் யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து இட்லித் தட்டு முன் உட்கார்ந்தால்தான் வினை. தலை நெஞ்சில் விழும். எழும். மறுபடி விழும். கல்யாணமானதிலிருந்து மயிலாள் கேள்விகளையெல்லாம் சேர்த்துவைத்து அந்த நேரத்தில்தான் கேட்கிறாள்.

"ஏனுங்க, புது மிக்ஸி எடுத்தறலாமுங்களா?"

தலை விழும்.

"ஏனுங்க, எங்க தம்பி ரெண்டு மாசம் இங்கயே இருக்கட்டுமுங்களா?"

விழும். மச்சினன் மூன்று வருஷம் இருந்தான். ஒருநாள் முழித்துப் பார்த்தால் நான் வார்டு தேர்தலில் வேட்பாளர்.

"கேட்டனுங்களே. நல்லாத்தான தலைய ஆட்டுனீங்க?"

இது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துணைத் தலைவர் சாரதாமணி முன்பு மயிலாளோடு ஒரே கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டியவர். இருவருக்கும் இடையே ரகசியம் தங்காது. மன்றக் கூட்டம் பகல் பதினொரு மணிக்கு. கேட்க வேண்டுமா? நாய் பிடிக்கும் வண்டியிலிருந்து, ஒரே கழிப்பிடத்துக்கு மூன்றாம் முறை பெயின்ட் வரை, எல்லாவற்றையும் "தலைவர் தலையசைத்து ஆமோதித்தார்."

இந்த நேரத்தில்தான் ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. கருப்புத் தொட்டி. கீழே போர்வெல், மோட்டார், நான்கு குழாய். மொத்த ஊருக்கும் ஒன்றே ஒன்று. ஆயுளில் ஒரே ஒரு முடிவை முழித்திருந்து எடுப்பது என்று உறுதி பூண்டேன். தொட்டி என் வீட்டு முன்னால். அதன் வயிற்றில் வெள்ளை எழுத்தில் என் பெயர்.

"நம்மூட்டு முன்னாடி வேண்டாமுங்க," என்றாள் மயிலாள். "லைன் ஊடுகளுக்கு வெச்சுக் குடுங்க. பாவம், அவுங்கதான் குடத்தத் தூக்கிட்டு ரோட்டத் தாண்டி வாராங்க."

அது உண்மை. போன மாதம் ஒரு கம்பெனி வேன் மருதம்மாளின் குடத்தின் மீது ஏறிப் போய்விட்டது. குடத்தின் மீது மட்டும். அவள் இடுப்பிலிருந்து அது நழுவி விழுந்து சித்த நேரம்தான் ஆகியிருந்தது.

"தலைவர் ஊட்டு முன்னால தொட்டி இல்லீன்னா ஊரு என்னை மதிக்குமா, அம்மிணி?"

"இப்ப மதிக்குதுங்களா?"

"அதுக்குத்தான் தொட்டி."

"நாலு குழாய் வந்தா நாப்பது சண்டை வருமுங்க. பகல்ல நீங்க தூங்கோணுமா, வேண்டாமா?"

"தூங்க மாட்டேன். இனிமே தூங்கறதாவே இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, தலை என் பேச்சைக் கேட்காது. அதற்குத்தான் திருப்பூர் போய் மெடிக்கலில் கழுத்துப் பட்டை வாங்கினேன். எலும்பு தேய்ந்தவர்கள் போடுவார்களே, அதேதான். தாடையை முட்டுக் கொடுத்து நிறுத்திவிடும். விழ முடியாத தலையை எவன் ஆமோதித்தது என்று எழுதுவான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் அதுவரை மெச்சியதில்லை.

"கழுத்துல என்னங்க?"

"வலி."

"நேத்து இல்லீங்களே?"

"பதவின்னா பாரம் இருக்குமுல்ல?"

மயிலாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். தைலம் தேய்த்துவிட்டாள். கூட்டத்தன்று காலையில் பட்டையை அவளே கட்டினாள். "சித்த அண்ணாந்து நில்லுங்க. லூசா இருந்தா வலி போகாது." இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். இவ்வளவு பாசமா என்று எனக்கே கண் கலங்கியது. துடைக்கக் குனிய முடியவில்லை.

மன்றத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படி நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. செயல் அலுவலர் பொருள் ஒன்றைப் படித்தார். தெருவிளக்கு. அவர் குரல் எங்கள் கம்பெனி மிஷின் மாதிரியே ஏற்ற இறக்கம் இல்லாதது. பொருள் இரண்டு, சாக்கடை. மூன்றாவதுதான் தொட்டி. தலை விழப் பார்த்தது. பட்டை தாங்கியது. வெற்றி, என்று நினைத்தேன். கழுத்துக்கு இதமாகக்கூட இருந்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது கைதட்டல். கையில் யாரோ டீ கொடுத்திருந்தார்கள்.

"தலைவருக்கு ரொம்பப் பெரிய மனசுங்க," என்றார் சாரதாமணி.

"எதுக்குங்க?"

"உங்க ஊட்டு முன்னால வெக்கறதுக்கு இருந்த தொட்டிய லைன் ஊடுகளுக்கு விட்டுக் குடுத்தீங்களே."

"நான் தலைய ஆட்டவே இல்லீங்களே."

"அதேதானுங்க. எப்பவும் சம்மதம்னா தலைய ஆட்டுங்கன்னு கேப்பமுங்க. இன்னைக்கு மாத்திக் கேட்டமுங்க. ஆட்சேபணை இருந்தா தலைவர் தலைய ஆட்டலாம்னு. மூணு தடவ கேட்டமுங்க. நீங்க அசையல."

"பட்டை போட்டிருக்கறேன். எப்படிங்க அசையும்?"

"மயிலாக்காளும் அதத்தானுங்க போன்ல சொன்னாங்க. இன்னைக்குத் தலைவர் ரொம்ப உறுதியா இருக்கறாருன்னு."

தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால், தூங்கினேன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் மயிலாள் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். எனக்கும் பாதியைத் தள்ளினாள். கோபத்தோடு நாலைந்து உரித்தேன்.

"சாரதாமணிக்கு யோசனை சொன்னது நீதான?"

"எனக்கென்னங்க தெரியும் ஆபீசு சமாச்சாரம்?"

"பட்டைய இழுத்துக் கட்டுனது?"

"வலின்னீங்களே."

"வலியே இல்ல அம்மிணி."

"அப்ப நல்லதாப் போச்சுங்க. கழட்டிருங்க."

வாசலில் ஆள் சத்தம். மருதம்மாளும் இன்னும் நாலு பெண்களும். குடம் இல்லாமல் அவர்களை நான் பார்ப்பது முதல் தடவை. "அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும்," என்று அவள் கும்பிட்டாள். சொன்னது என்னிடம்தான். பார்த்தது மயிலாளை. நான் பட்டையோடு விறைப்பாக, ஒரு தலைவர் மாதிரியே நின்றேன்.

அவர்கள் போனதும் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தேன். "கேட்டுக்க. இதோட சரி. அடுத்த தேர்தல்ல நான் நிக்கப் போறதில்ல. இது என்னோட முடிவு. முழிச்சிருந்து எடுத்த முடிவு."

மயிலாள் நிமிரவில்லை.

"அதுக்கென்னங்க இப்ப அவசரம்? ராத்திரி ஷிப்டு போயிட்டு வாங்க. காலைல இட்லி திங்கறப்பப் பேசிக்கலாம்."

நான் கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தை உரித்தேன்.