சிவப்புப் பிடியில் காப்புக் கட்டிய விவகாரம்

கொழிஞ்சாம்பாறை,
தை 6, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மோகனசுந்தரம் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் செங்கோட்டையன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்காள் ராமாத்தாள், மாடு கன்றுகள், தென்னைகள் எல்லோரும் சுகம். தென்னைகளுக்கு மட்டும் வெள்ளை ஈ. பொள்ளாச்சியில் நீங்களும் தங்கச்சி வனிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏன் போனில் பேசவில்லை என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள். வாட்சப்பில் எழுதினால் உங்கள் அக்காள் என் மூக்குக்கண்ணாடியையே போட்டுக்கொண்டு என் போனைப் படிக்கிறாள். அதனால்தான் இந்தக் காகிதத்தைப் பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் மருமகள், அதாவது என் மகள் செல்வப்பிரியா கிளைடரில் தன்னந்தனியாகப் பறக்கப் போகிறாளாம். பின்சீட்டில் வாத்தியார் கிடையாது. எஞ்சின் எப்போதுமே கிடையாது. கயிறு கட்டி இழுத்து மேலே விட்டுவிடுவார்கள், அதற்கப்புறம் காற்றும் கருப்பராயனும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் சனிக்கிழமையே புறப்பட்டு வந்து அவளைத் தடுக்க வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். ஏனென்றால் விதை போட்டவர் நீங்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை, "வா கண்ணு, வேடிக்கை பாக்கலாம்" என்று அந்தக் கிளைடர் கிளப்புக்குக் கூட்டிப்போனவர் யார்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் நீங்கள்தான், வந்து நீங்களே நிறுத்துங்கள்.

அவளைக் கெடுத்தது போதாதென்று, எங்கள் தோப்பை ஒட்டின பழைய ஓடுதளத்தில் கிளைடரை நிறுத்த இடமில்லை என்று கிளப்புக்காரர்கள் கையைப் பிசைந்தபோது, "எங்க மச்சான் கொப்பரைக் கொட்டாய் காலியாத்தான் கிடக்குது" என்று வாக்குக் கொடுத்ததும் நீங்கள். அன்றிலிருந்து கொப்பரை வெயிலில், கிளைடர் நிழலில். நான் அதற்குக் காவல்காரன். அந்த வண்டியில் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி மூடி இருக்கிறதே, அதை மூடி என்று சொல்லக் கூடாதாம், கேனபியாம். "மூடின்னு சொல்ல அதென்ன ஊறுகாய்ச் சாடிங்களா அப்பா?" என்று மகள் கேட்கிறாள். அது கண்ணாடியும் இல்லையாம், பிளாஸ்டிக்காம். முதல் வாரம் அதில் தூசி படிந்திருக்கிறதே என்று என் தோள் துண்டால் நன்றாக அழுத்தித் துடைத்தேன். வெயிலில் பார்த்தால் கோடு கோடாகக் கீறல். தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு மெத்தென்ற துணியால்தான் தொட வேண்டுமாம், எதிர்வெயிலில் பறக்கும்போது கீறல் கண்ணை மறைக்குமாம். சரி, கழுவினேன். கழுவியதைக் காயவைக்க வண்டியை வெளியே தள்ளி, மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சீட்டு மெத்தையில் புகை. அந்த வளைந்த பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை ஒரே புள்ளியில் குவித்து, மெத்தையில் எட்டணா அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. அதற்கும் திட்டு. இன்னொரு நாள் திறந்து வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். நம்ம கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும், தை மாதத்துக் கிழக்காத்து தகர ஷெட்டையே தூக்குகிறது, மூடி எம்மாத்திரம்? படாரென்று சாத்திக்கொண்டது. திறந்தால் கையை எடுக்கக் கூடாது, கையை எடுப்பதானால் சாத்திப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும் என்று அதற்கொரு சட்டம். என் கல்யாணத்தன்றுகூட யாரும் எனக்கு இத்தனை சட்டம் சொல்லவில்லை.

இதெல்லாம் சில்லறை. பெரிய விவகாரம் போகி அன்றைக்கு நடந்தது. நம்ம ஊட்டில் அன்று காப்புக் கட்டாத பொருள் உண்டா? வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசல், தொழுவம், கிணற்று மோட்டார், டிராக்டர் எல்லாவற்றிலும் செருகினேன். கொட்டகையில் கிளைடர் மட்டும் மொட்டையாக நின்றது. நம்ம பெண் ஏறுகிற வண்டி, அதற்கு மட்டும் காப்பு இல்லாவிட்டால் மனசு கேட்குமா? ஆனால் எங்கே கட்டுவது? உடம்பெல்லாம் வழுவழுவென்று ஒரு கொக்கி கிடையாது. உள்ளே குனிந்து பார்த்தேன். கட்டுவதற்கென்றே வைத்த மாதிரி ஒரு சிவப்புப் பிடி. பறக்கிறபோது விழுந்துவிடக் கூடாதே என்று நைலான் கயிற்றால் அந்தப் பிடியையும் பக்கத்துக் குழாயையும் சேர்த்து, கிடாரிக்குப் போடுகிற முடிச்சாக மூன்று போட்டேன். உயிரே போனாலும் அவிழாத முடிச்சு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்படியே சொன்னேன் மாப்பிள்ளை, இதே வார்த்தைகளை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் செல்வப்பிரியா வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இருக்கிற பிடிகளையெல்லாம் கண்ணால் பார்த்து, கையாலும் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். வெள்ளைப் பிடி தினப்படி மூடியைத் திறக்க. மஞ்சள் பிடி இழுவைக் கயிற்றை விட. சிவப்புப் பிடி, வானத்தில் வண்டி முறிந்து குதித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மூடியை மொத்தமாகக் கழற்றி எறிய. அந்தப் பிடியில் அவள் கையை வைத்தாள். பூளைப்பூ கொட்டியது. பிடி அசையவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை மாப்பிள்ளை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். வெறுமனே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளைக் காக்கக் கட்டியதே அவளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது, அதுவும் என் கையால்.

வாத்தியார் வேல்முருகன் இருக்கிறாரே, பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து விமானப்படையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அவர்தான் பேசினார். "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக? மாட்டுக்குப் போடுற முடிச்ச உயிர் காக்குற பிடியில போட்டீகளா?" என்றார். கொட்டகைக்காரர் கேனபி பரிசோதனையைக் கற்றுக்கொண்டு பரீட்சை கொடுக்கும்வரை வண்டி கிளம்பாது என்று தீர்ப்பும் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பரீட்சை! சிவப்புப் பிடியைத் தரையில் இழுத்துப் பார்ப்பதானால் இரண்டு பேர் மூடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்ற உங்கள் அக்காள். முடிச்சை அறுத்துவிட்டு நான் இழுத்தேன். மூடி முழுசாகக் கழன்று வந்தது. "ஏனுங்க! இது கையோட வந்துருச்சுங்க! நான் ஒண்ணும் பண்ணலீங்க!" என்று உங்கள் அக்காள் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்புறம் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பிடியை இழு, மூடியைத் தள்ளு, வாரைக் கழற்று, வெளியே வா என்று நாலு தடவை ஓட்டினார். என் தொப்பை மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்தங்கி வந்தது. "அண்ணே, இந்நேரம் தரைக்கே வந்திருப்பீக" என்கிறார். பறக்கும்போது மூடி தானாகத் திறந்துகொண்டால் என்ன செய்வாய் என்று கேள்வி. பாய்ந்து பிடிப்பேன் என்றேன். தப்பாம். மூடி கிடக்கட்டும், முதலில் வண்டியை ஓட்டணுமாம். அதனால்தான் புறப்படும் முன்பே கொக்கி விழுந்ததா என்று உள்ளிருந்து மேலே தள்ளிப் பார்க்கணும், ஒரு நிமிஷம் வண்டியை விட்டு நகர்ந்தாலும் திரும்ப முதலிலிருந்து பார்க்கணும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே மாப்பிள்ளை, கெஞ்சிக் கேட்கிறேன், வந்து தடுங்கள். கை வைத்து நாலு தடவை பார்த்தால்தான் உயிர் பிழைக்கும் வண்டியில் நம்ம ஒரே பெண் எதற்காக ஏற வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான், அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம். உங்கள் தோட்டத்துக் கிணறு சித்திரையிலும் வற்றாமல், குலை தள்ளிய தென்னை ஒன்றும் ஒடியாமல், நீங்களும் வனிதாவும் நெடுநாள் நலமாக இருக்க அந்த மாகாளியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
செங்கோட்டையன்

பின்குறிப்பு: ஞாயிறு மதியம். செவ்வாய்க்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டேன், புதனன்று அந்தக் கண்டக்டர் லீவு, அதற்குப் பிறகு இந்தக் காகிதம் என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை செல்வப்பிரியா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து முடித்துவிட்டு, பாராசூட் மாட்டிக்கொள்ள அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்து ஏறி, வாரை மாட்டினாள். வெளியிலிருந்து மூடியைச் சாத்தித் தரும் வேலை என்னுடையது. நகர்ந்துபோய் வந்தால் முதலிலிருந்து என்று அந்த வேல்முருகன் காதுக்குள் சொன்ன மாதிரி இருந்தது. "கண்ணு, திரும்பத் தொட்டுப் பாரு" என்றேன். "இப்பத்தானுங்கப்பா பாத்தேன்" என்றாள். "பாரு" என்றேன். பார்த்தாள். சிவப்புப் பிடியில் ஒரு மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு. கோயிலிலிருந்து வந்த உங்கள் அக்காள், மகள் அந்தப் பக்கம் போன இரண்டு நிமிஷத்தில் கட்டியது. பாக்கு வெட்டுகிற கத்தியால் நானே அறுத்தேன். மறுபடி எல்லாம் தொட்டாள், நான் சாத்தினேன், உள்ளிருந்து தள்ளிப் பார்த்தாள், கொக்கி அசையவில்லை. "வாறனுங்கப்பா" என்றாள். பதினோரு நிமிஷம் மேலே இருந்துவிட்டு இலை விழுகிற மாதிரி வந்து இறங்கினாள். நான் அழவில்லை, தூசி. அந்த மஞ்சள் கயிறு இப்போது என் மணிக்கட்டில் இருக்கிறது, வெளியே தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறேன். பிள்ளை பத்திரமாக இறங்கியதே தான் கட்டிய கயிற்றால்தான் என்று உங்கள் அக்காள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அதை அறுத்ததைத் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அடுத்த ஞாயிறு வேறு எங்கேயாவது கட்டிவிடுவாள்.