ஐஸ்லாந்துக்காரர்

"போன்ஜூர்" என்றார் வாரன் டக்வெல், குளியலறைக் கண்ணாடி முன்னால் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த குரலில்.

"குட் மார்னிங். என்ன வேணும்?" என்றாள் பேக்கரிக்கார ஜினெட், ஆங்கிலத்தில்.

இது பதினோராவது நாள். பதினோரு நாளும் இதே கதைதான்.

வாரன் ஒட்டாவாவில் ஏரி மீன்களைக் கணக்கெடுக்கும் அரசுப் பிரிவின் பொறுப்புத் தலைவர். இரண்டு வருடமாகப் பொறுப்பு. அந்தப் 'பொறுப்பு' உதிர்ந்து வெறும் 'தலைவர்' ஆக வேண்டுமென்றால் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை தோற்றாகிவிட்டது. மார்ச்சில் மூன்றாவது. அதிலும் கோட்டை விட்டால், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய மேஜைக்கே திரும்ப வேண்டியதுதான்.

"புத்தகத்தை மூடுங்க. பிரெஞ்சுக்குள்ள போய் வாழுங்க" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் தினமும் பனியில் பாலத்தைக் கடந்து, ஆற்றுக்கு அக்கரையில் பிரெஞ்சு பேசும் ஹல்லுக்கு வந்துகொண்டிருந்தார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஆங்கிலக்காரர் வாயைத் திறந்து முதல் சொல்லைக் கொலை செய்ததுமே, எதிரே இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அந்த நல்ல மனசுதான் வாரனுக்கு எமன்.

"தயவுசெஞ்சு பிரெஞ்சுல பேசுங்களேன்" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓ, தாராளமா" என்றாள் ஜினெட், ஆங்கிலத்தில். "காபியில பால் ஊத்தவா?"

வாரன் பல்லைக் கடித்தார். இன்றைக்கு விடுவதாக இல்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார்.

ஜினெட் கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் முறையாகப் பிரெஞ்சு வந்தது. "அப்படியா மிஸ்யூ? அப்போ நீங்க எந்த ஊரு?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. கண் அலைந்தது. ஜினெட்டின் தலைக்கு மேலே, சுவரில், ஒரு பெரிய அருவிப் படம். அடியில் கொட்டை எழுத்தில் ஊர்ப்பெயர்.

"ஐஸ்லாந்து" என்றார் வாரன்.

"பேரு?"

"லார்ஸ்."

அன்றிலிருந்து வாரனின் வாழ்க்கை மாறியது. ஜினெட் மூச்சுவிடாமல் பிரெஞ்சில் பேசினாள். ஜன்னலோரம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் தெயோதூலும் சேர்ந்துகொண்டார். ஓய்வுபெற்ற தபால்காரரான அவருக்கு ஐஸ்லாந்து மேல் அடங்காத ஆர்வம்.

"உங்க ஊர்ல கல்யாணமெல்லாம் எப்படி மிஸ்யூ லார்ஸ்?"

வாரன் அரைமணி நேரம் ஒரு கல்யாணத்தை இட்டுக்கட்டினார். அதில் ஆடுகள் வந்தன, எரிமலை வந்தது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு படகேறிப் போனார்.

"நீங்க ஐஸ்லாந்துப் பிரதமரா இருந்தா எதை மாத்துவீங்க?"

இதற்கு ஒரு வாரம் ஆனது. பிழை வரும்போதெல்லாம் ஜினெட் காபி ஊற்றும் சாக்கில் திருத்தினாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிரெண்டா உள்ளே வந்தாள். வாரனின் பிரிவில் வேலை செய்கிறவள்.

"வாரன்! இங்கயா இருக்கீங்க? பத்து மணி மீட்டிங்குக்கு அந்தக் கெளுத்தி ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஜினெட் பார்த்துக்கொண்டிருந்தாள். தெயோதூல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிக்கணும் மேடம்" என்றார் வாரன் பிரெஞ்சில். "நீங்க சொல்றது புரியல."

"என்ன விளையாட்டு இது? ஃபைல். எங்க. இருக்கு?"

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்."

தெயோதூல் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "மிஸ்யூ லார்ஸ், இந்தம்மா ஏதோ ஃபைல் கேக்கறாங்க. கெளுத்தியாம்" என்று நிறுத்தி நிதானமாகப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார்.

"ரொம்ப நன்றி" என்றார் வாரன். பிரெண்டா காபி வாங்காமலே போய்விட்டாள்.

மதியத்துக்குள் எழுத்துமூலமாகப் புகார் வந்துவிட்டது. இருபது வருடம் உழைத்த தனக்குத் தன் சொந்த மேலதிகாரியே தன் மொழியில் பதில் சொல்ல மறுத்தார் என்று பிரெண்டா எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் ஒருவரைக் கைநீட்டி அடித்தால்கூட சமாதானம் பேசிவிடலாம். மொழிப் புகாரை அப்படி முடித்துவிட முடியாது. உண்மையைச் சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் பிரெண்டாவிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டுவிடும்.

இயக்குநர் மதாம் தெரோசியே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வாரன், உங்களுக்குப் பிரெஞ்சு வராதுங்கறதுதான் இதுவரைக்கும் நம்ம பிரச்சினை. இப்போ இங்கிலீஷும் வராதுன்னு புகார் வந்திருக்கு. ரெண்டும் வராத ஒருத்தரை எந்தக் கணக்குல நான் தலைவராக்கறது?"

"தேர்வு முடியட்டும் மேடம்."

"தேறினா, பிரெண்டாகிட்ட நானே பேசிப் புகாரை முடிச்சுவைக்கறேன். இல்லன்னா ரெண்டையும் சேர்த்து மேல அனுப்பறேன்."

வேறு யாராக இருந்தாலும் ஐஸ்லாந்தை அத்தோடு தலைமுழுகியிருப்பார்கள். வாரன் மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே பேக்கரிக்குப் போனார். அங்கே அடுத்த இடி காத்திருந்தது.

"மிஸ்யூ லார்ஸ், உங்களுக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்" என்றாள் ஜினெட். "சாயங்காலத்துல இங்க இன்னொரு ஐஸ்லாந்துக்காரர் வழக்கமா வருவார். பேரு எரிக். புதன்கிழமை காலையில அவரை வரச் சொல்லியிருக்கேன். பாவம், சொந்த பாஷை பேச ஆளில்லாம ஏங்கிப்போயிருப்பீங்க."

வாரன் கணக்குப் போட்டார். வராமல் இருந்துவிடலாம். ஆனால் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, இந்த ஊரில் அவரிடம் பிரெஞ்சு பேச வேறு ஆளில்லை. இரவல் வாங்கிய ஒலிநாடாவைக் கேட்டு வணக்கம், நன்றி, குதிரை எங்கே ஆகிய மூன்றையும் ஐஸ்லாந்து மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு புதன்கிழமை போனார்.

எரிக் நெடுநெடுவென்று இருந்தார். முகத்தில் ரத்தமில்லை. இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துவிட்டு ஜினெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தெயோதூல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாரன் குதிரையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார்.

"லார்ஸ்" என்று எரிக் அவசரமாகப் பிரெஞ்சில் முந்திக்கொண்டார். "நாலு பேர் இருக்கற இடத்துல எல்லாருக்கும் புரியற பாஷையில பேசறதுதான் மரியாதைன்னு எங்கம்மா சொல்வாங்க."

வாரனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "எங்க வீட்லயும் அப்படித்தான் வளர்த்தாங்க."

மூன்று வாரமும் அவர்கள் பிரெஞ்சிலேயே தாய்நாட்டை நினைத்து உருகினார்கள். மீன் பற்றிய பேச்சு வந்தால் வாரனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

தேர்வு நாளன்று எதிரே இருந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "நீங்க கலந்துகிட்ட ஒரு விசேஷத்தைப் பத்திச் சொல்லுங்க."

வாரன் கல்யாணத்தைச் சொன்னார். ஆடுகளோடு.

"உங்க கையில அதிகாரம் இருந்தா எதை மாத்துவீங்க?"

வாரன் நாட்டையே மாற்றினார். அம்மாள்தான் போதும் என்று நிறுத்தினார். பத்து நாளில் முடிவு வந்தது: தேர்ச்சி.

மதாம் தெரோசியே சொன்னபடியே பிரெண்டாவிடம் பேசிப் புகாரைத் திரும்பப் பெறவைத்தார். கதவிலிருந்த பெயர்ப்பலகையில் 'பொறுப்பு' போனது. வாரன் இனி அந்தப் பேக்கரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு அது முடியவில்லை. அவர்களுடைய பாசத்தை ஏமாற்றி வாங்கிவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. முகத்தில் காறித் துப்பினாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று மறுநாள் காலையில் பாலத்தைக் கடந்தார்.

"மதாம் ஜினெட்" என்றார், தடங்கலே இல்லாத பிரெஞ்சில். "நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும். அதுதான் என் தாய்மொழி. ஐஸ்லாந்தை நான் பார்த்ததே இல்ல. என் பேரு வாரன். மீன் துறையில தலைவராகணும்னுதான் இத்தனையும் செஞ்சேன். தேர்வுல தேறிட்டேன். எரிக்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க."

ஜினெட் சுவரிலிருந்த ஐஸ்லாந்துப் படத்தின்மேல் படிந்திருந்த மாவுத் தூசியைத் துடைத்தாள்.

ஜன்னலோரத்திலிருந்து தெயோதூல் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பந்தயத்துல நான் தோத்துட்டேன் ஜினெட். இந்தக் குளிர்காலத்துல வந்த ஒன்பது ஐஸ்லாந்துக்காரங்கள்ல இவர் ஒருத்தர்தான் தேற மாட்டார்னு நினைச்சேன்."