செத்துக் கிடந்து பேசிய பேரம்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனருக்கு, உன் அக்காள் கணவன் பூரண நலத்தோடு எழுதுவது.

நான் சாகவில்லை. நேற்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்தி, மூக்கில் பஞ்சு வைத்துக் கிடந்தது நான்தான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்ட எதிர்வீட்டுத் தையல்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சினிமா. நீ அனுப்பிய மலர்வளையம் இன்று காலை வந்து சேர்ந்தது. பூ நல்ல பூ, கட்டும் கெட்டி. திருப்பி எடுக்க மாட்டேன் என்று பூக்கடைக்காரர் சொல்லிவிட்டதால் படப்பிடிப்புக்கே வைத்துக்கொண்டோம். கூட வந்த அட்டையில் ‘அக்கா இனிமேலாவது நிம்மதியாக இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

நானும் உன் அக்காவும் நேருக்கு நேர் பேசி ஆறு வருடம் ஆகிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். எதனால் பேச்சு நின்றது என்று கேட்டால் நான் ஒரு காரணம் சொல்வேன், அவள் ஒரு காரணம் சொல்வாள், பெண்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு சொல்வார்கள். அதை விடு. பெண்கள் வீட்டில் இருந்தவரை அவர்கள் மூலமாகப் பேசினோம். பெரியவள் பல் டாக்டராகி, கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகும், சின்னவள் சினிமா படிக்கப் போன பிறகும் அந்த ஏற்பாட்டை நாங்கள் மாற்றவில்லை. உன் அக்கா சமையலறையிலிருந்து பெரியவளுக்குப் போன் போடுவாள், பெரியவள் யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்க எனக்குப் போன் போடுவாள்: “அப்பா, சாப்பாடு ஆறிப்போகுதாம்.” நான், “வர்றேன்னு சொல்லு” என்பேன். அடுத்த அறைக்குப் போக வேண்டிய செய்தி அடுத்த ஊருக்குப் போய் வரும்.

இதைத்தான் சின்னவள் இப்போது படமாக எடுக்கிறாள். தாயும் தகப்பனும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் தபால்காரர்களாக இருந்து அலுத்துப்போன அக்காவும் தங்கையும், இரண்டு பேரில் ஒருவரைத் தீர்த்துக்கட்டினால் தபால் வேலை ஒழியும் என்று முடிவுக்கு வருகிறார்கள். யாரைத் தீர்ப்பது என்று அவர்கள் போடும் சண்டைதான் பாதிப் படம். கடைசியில் தகப்பன் என்று முடிவாகிறது, இன்ஷூரன்ஸ் அவன் பேரில் இருப்பதால். கதையைக் கேட்டபோது எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை, யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். அக்காவாகத் தன்னையே நடிக்கச் சொல்லித் தங்கை கூப்பிட்டாளே என்று லீவு போட்டுவிட்டு வந்த பெரியவள்தான் குதித்தாள்.

“பால்ல மாத்திரை கலக்கறது நானா? ஏன்டி, நீ கலந்தா ஆகாதா?”

“நீ டாக்டர்க்கா. பாக்கறவங்க நம்புவாங்க.”

“நான் பல் டாக்டர்டி!”

“அதனாலதான் அப்பா சாக ரெண்டு வாரம் ஆகுது.”

தகப்பன் வேடத்துக்கு ஒரு நாடக நடிகரை அமர்த்தியிருந்தாள். பிணமாகப் படுத்துக்கிடக்க அவர் கேட்ட கூலியைக் கேட்டு எனக்கு நிஜமாகவே மூச்சு நின்றது. நான் மெத்தை வியாபாரி. தலையில் மெத்தையைச் சுமந்து தெருத்தெருவாக விற்று, அதற்கப்புறம் கடை போட்டவன். கடைக்கு வருகிறவர்களைப் படுத்துப் பாருங்கள் என்பேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் கையை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, பிணம் மாதிரியேதான் கிடப்பார்கள். அந்த வித்தையைத் தினம் இலவசமாகப் பார்க்கிறவனுக்கு நடிகர் எதற்கு? நானே சாகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாயாக நடிக்க வந்த அம்மாள் ஒத்திகையில் தரையில் புரண்டு அழுவதை உன் அக்கா கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சின்னவளைக் கூப்பிட்டு, “நான் இப்படியா அழுவேன்? உங்கப்பாவுக்கு? அந்தம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லுடி” என்று தானே போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் காட்சி சாப்பாட்டு மேசை. சின்னவள் ‘ஆக்‌ஷன்’ என்றதும் உன் அக்கா என் முகத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டாள். எழுதிக்கொடுத்த வசனம்தான், இருந்தாலும் என் கை தானாகத் தட்டை நீட்டிவிட்டது. “போதும்” என்றேன், அதுவும் எழுதிக்கொடுத்தது. அதோடு நிறுத்தாமல் அவள், “மாடிக் குழாய் ஒழுகுதே, ஆளுக்குச் சொன்னீங்களா?” என்றாள். இது கதையில் இல்லை. “சொன்னேன், வரலை” என்றேன். “அப்ப வேற ஆளுக்குச் சொல்றதுதானே?” என்றாள். சின்னவள் ‘கட்’ என்றாள், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அன்றிலிருந்து வீட்டு விஷயம் எதுவாக இருந்தாலும் படப்பிடிப்புக்கு என்று சேர்த்துவைக்கத் தொடங்கினோம். பீரோ சாவி எங்கே, மாடியறைக்கு வாடகைக்கு வருகிறவன் எப்படி, எல்லாம் ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் நடுவில். கட்டுக்கு அப்புறம் பழையபடி பெரியவள்தான்.

இப்படியாக நேற்றுச் சாவுக் காட்சி. என்னைக் கூடத்தில் வெறுந்தரையில் கிடத்தினார்கள். உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே’ என்று ஒரே ஒரு வரி அழ வேண்டும். நான் கண்ணை மூடியிருந்ததால் யார் முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாது. காதில் விழுந்ததை எழுதுகிறேன். போர்வையை என் கழுத்துவரை இழுத்துச் சரி செய்துவிட்டு அவள் சொன்னாள்:

“போயிட்டீங்களா? சரி. நானும் போறேன். பெரியவ வீட்ல எனக்கு ரூம் பெயிண்ட் அடிச்சு வெச்சாச்சு. ஞாயித்துக்கிழமை இவங்க விளக்கையெல்லாம் கழட்டிட்டுப் போனதும் நான் கிளம்பறேன். திரும்பி வர்ற எண்ணம் இல்லை. உயிரோட இருக்கும்போதே சொல்லலாம்னு பாத்தேன், நீங்க கடையில இருந்தீங்க.” போர்வையை இன்னொரு தடவை இழுத்துவிட்டாள். “கடைக்கு எவன் வந்தாலும் முதல்ல என்ன கேப்பீங்க? ‘முதுகு எங்க வலிக்குது’ன்னு. ரோட்ல போறவன் முதுகெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா?”

மைத்துனரே, நானும் எத்தனையோ பேரம் பார்த்தவன். எதிராளி கடைசி விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எழுந்தால் சின்னவள் படம் கெட்டுப்போகும். கிடந்தால் என் வீடு காலி. கண்ணைத் திறக்காமல், பஞ்சடைத்த மூக்கோடு, “எங்க வலிக்குது?” என்றேன். விளக்குப் பிடித்திருந்தவன் விளக்கோடு பின்னால் போய் எதிலோ இடித்துக்கொண்டான். சின்னவள் கட் சொல்லவில்லை. என் மகள் அல்லவா, கைக்கு வந்த சரக்கை விடுவாளா?

“நடு முதுகு. கொஞ்சம் இடது பக்கம்.”

“படுத்தாலா, எழுந்தாலா?”

“எழுந்தா.”

“எத்தனை நாளா?”

“நாளாவா? சின்னவ பொறந்ததுலேர்ந்து.”

“அப்ப உனக்குக் கொஞ்சம் கெட்டியான மெத்தையா...”

“பிணம் வியாபாரம் பேசக் கூடாது.”

“சரி. போயிட்டு எப்ப வருவே?”

“இப்பத்தானே சொன்னேன், வர்ற எண்ணம் இல்லைன்னு. நான் வரணுமா?”

“வரணும்.”

இதற்கு அவள் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மூக்கிலோ பஞ்சு, வாயைத் திறந்து மூச்சு விட்டால் படத்தில் தெரிந்துவிடும். கடைசியில், “மாசத்துல பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க” என்றாள்.

“பாதி ஜாஸ்தி.”

“செத்தவருக்கு என்ன ஜாஸ்தி, கம்மி?”

“சரி, பாதி” என்றேன். சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ‘கட்’ என்றாள். உடனே உன் அக்கா பெரியவள் பக்கம் திரும்பி, “உங்கப்பாவை எழுந்திருக்கச் சொல்லு, தரை ஜில்லுனு இருக்கு” என்றாள். பெரியவள் இரண்டடி நடந்து வந்து, “அப்பா, எழுந்திருக்கணுமாம்” என்றாள். “எழுந்துட்டேன்னு சொல்லு” என்றேன்.

ஆக, பேரம் முடிந்தது. பேச்சு கேமராவில் பதிவாகி இருக்கிறது. சாட்சிக்கு ஒரு படப்பிடிப்புக் குழுவே இருக்கிறது. யாரும் இனி இதை மாற்ற முடியாது. நீ புறப்பட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வர என் ஆசி. எனக்காக அங்கே யாராவது அழுதிருந்தால் அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கும் உன் மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சேதி வந்தது. செத்தவன் பேசிய பயத்தில் ஒலிப்பதிவுக்காரன் எதையோ அமுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டானாம். படம் இருக்கிறது, பேச்சு ஒரு வார்த்தை இல்லை. நாளை மறுபடி எடுக்க வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். பெண்கள் வீட்டில் இல்லை, கேமராவும் இல்லை.

“நாளைக்கும் சாகணுமாமே?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

“அப்ப நேத்துப் பேசினது செல்லாது.”

“எனக்கு ஞாபகம் இருக்கு.”

“எனக்கும்தான் இருக்கு. அதுக்காக? உக்காந்து புதுசா பேசலாம்.”

உட்கார்ந்து பேசினோம். பேரத்தில் அவள் என்னைவிடக் கறார். ஆகவே மேலே நான் எழுதிய எதையும் நீ கணக்கில் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப்போக நீயே வர வேண்டும், அதுவும் அவள் நிபந்தனை. முடிவானது இதுதான்: மாதத்தில் பத்து நாள் பெரியவள் வீடு, மீதி நாள் இங்கே; கடை இருட்டுவதற்கு முன் மூடப்படும்; அவள் அங்கே இருக்கும் பத்து நாளும் தினம் ஒரு தடவை நானே அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், பேச விஷயம் எதுவும் இல்லாவிட்டாலும்.