குருவம்மா எழுதிய நன்னடத்தைச் சான்று

ஒரு காட்டில் குருவம்மா என்றொரு நீர்நாய் இருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டது. பள்ளிக்கு அனுப்பினால் சளி பிடிக்கும், யாராவது கடிப்பார்கள் என்று பயந்து, மகள் நாச்சியாருக்கு ஆற்றிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தது. நாச்சியாரோ மீன்வளக் கல்லூரி நுழைவுத் தேர்வில் முதலிடம் வந்துவிட்டது.

சேர்க்கைக்குக் கடைசி நாள். அலுவலகத்தில் மரங்கொத்தி முத்திரை குத்திக்கொண்டிருந்தது.

"நன்னடத்தைச் சான்றிதழ் எங்கேம்மா?"

"இவ வீட்டுலயே படிச்சவ, சார்."

"அப்ப நீங்கதான் ஹெட்மிஸ்ட்ரஸ். இந்தாங்க படிவம், நீங்களே எழுதுங்க. மூணு மணிக்குள்ள வரலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்கு."

குருவம்மா படிவத்தை வாங்கி எழுத உட்கார்ந்தது.

"'நன்று'ன்னு போடும்மா, போதும்" என்றது நாச்சியார்.

"சும்மா இருடி. சர்க்கார் தாள்ல பொய் எழுதிட்டு யாரு கம்பி எண்றது?"

உள்ளதை எழுதியது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் வருவாள். கோபம் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். எனக்குக் கால் முறிந்த மழைக்காலத்தில், பிடித்த மீனையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டாயிற்று என்றாள். ஆகவே பொய் சொல்லும் பழக்கமும் உண்டு.

மரங்கொத்தி படித்தது. "பொய் சொல்லுமா? சீட் கிடையாது. அடுத்து!"

அடுத்து நின்றது ஒரு கழுதைப்புலி. பள்ளியில் இரண்டு வாத்தியார்களைக் கடித்தது என்று காடே அறியும். அதன் சான்றிதழில் 'நன்று' என்றிருந்தது. முத்திரை விழுந்தது.

குருவம்மா அதைப் பிடித்து நிறுத்தியது. "உனக்கு யாருப்பா இப்படி எழுதினது?"

"எங்க ஹெட்மாஸ்டர் முதலை சார்தான்க்கா. நாலாயிரம் பிள்ளைங்க. அவர் யாரைன்னு பார்ப்பாரு?"

குருவம்மா மகளை இழுத்துக்கொண்டு ஓடியது. முதலை மணலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"சார், இவ உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லீங்க. ஆனா..."

"நான் கேட்டேனா?" என்ற முதலை, கண்ணைத் திறக்காமலே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. வீட்டில் படித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துத் தாள் எப்படி வந்தது என்று மரங்கொத்தி கேட்டுவிடுமோ என்று குருவம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மரங்கொத்தி அந்த ஒரு வார்த்தையை மட்டும் பார்த்தது. முத்திரையைக் குத்தியது.

"இப்படி ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க எதுக்கும்மா பிள்ளைக்குப் பாடம் எடுக்குறீங்க?"

நீதி: நற்சான்றிதழ் வேண்டுமென்றால், உன்னைத் தெரியாதவராகப் பார்த்துக் கேள்.